விடச் சொல்லாத மூச்சு

திரை கறுப்பாக இருந்திருக்க வேண்டும். அவள் மருந்தே வைக்கவில்லை.

கணினிக்குள் மட்டும் இருக்கிற ஓர் உடல், அதைச் சுற்றிவந்து ஸ்கேன் எடுக்கும் கணினிக் கேமரா. கதிர்வீச்சு மருந்து எந்த உறுப்பில் என்று அவள் எழுதுகிறாளோ அங்கேதான் வெளிச்சம் வரும். இன்றைக்குச் சோதனை ஓட்டம். எல்லா உறுப்புக்கும் மருந்து பூஜ்யம். ஆனாலும் இரண்டு நுரையீரல்களும் சாம்பல் பூத்த கங்கு மாதிரி மங்கலாகக் கனிந்துகொண்டிருந்தன.

"ஆளில்லாத வீட்டுல விளக்கு எரியுது, பாருங்கண்ணே."

டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். "பழைய கணக்கு எங்கயாவது ஒட்டிட்டிருக்கும்மா. துடைச்சுட்டு ஓட்டு. நான் சாப்பிட்டு வந்துடறேன், பேயோட நீ பேசிட்டிரு."

துடைத்தாள். ஓட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்தது. காலி மேசைமேல் மதிய வெயில் ஒரு பட்டையாய் விழுந்திருக்க, ஏசியின் ஒரே சீரான இரைச்சலில், கிருமிநாசினி வாடைக்கு அடியிலிருந்து, அக்கா எப்போதும் கடைவாயில் ஒதுக்கியிருக்கும் கிராம்பின் மணம் மெல்லக் கிளம்பி வந்தது.

கணினிக்குள் இருந்த அந்த உடல் அக்காவுடையது. போன வருடம் இதே மேசையில் இவள் எடுத்த கடைசி ஸ்கேனிலிருந்து செய்தது. "மூச்சை இழுத்து அடக்கு" என்று மைக்கில் சொன்னவள், நடுவில் போன் வர, "விடலாம்" என்று சொல்ல மறந்துபோனாள். இறங்கி வந்த அக்கா முகம் சிவக்கச் சிரித்தாள்.

"நீ விடச் சொல்லவே இல்லையேடி. நீ சொல்லாம நான் விட்டுருவேனா?"

இருபதாம் நாள் அக்கா போய்விட்டாள். இவள் அழவில்லை. அடுத்த வாரமே வேலைக்கு வந்து, கணினியில் அக்காவின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக வரைந்து முடித்தாள்.

திரையில் புதுப் படம் வந்தது. நுரையீரல் பெரிதாகியிருந்தது. மறுபடி ஓட்டினாள். இன்னும் பெரிது. அசைவே எழுதப்படாத உடல் அது. விலாக்கள் விலகின. மறுபடி. தோல் இறுகியது.

இனி தாங்காது.

மரத்துப்போன விரலால் மைக்கை அழுத்தினாள்.

"அக்கா. விடலாம்."

திரை கறுத்தது.

பூட்டிய அறையின் சத்தத்தை இங்கே கொண்டுவரும் ஸ்பீக்கரில் ஒரு மூச்சு வெளியேறியது. நீளமாக. ஒரு வருட நீளம். கிராம்பு வாசனை. பிறகு குரல், கனிவாக:

"இப்ப நீ இழுத்து அடக்கு."

அவள் மார்பு தானாக நிறைந்தது. நின்றது.

கதவு திறந்தது. "என்னம்மா, சரியாயிடுச்சா?" என்றார் டெக்னீஷியன்.

உதட்டில் நீலம் ஏற, அவள் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு சொல் வர வேண்டும்.