ஏழாவது சாக்கெட்டு

பழைய இரும்பை நசுக்கிக் கட்டும் பிரஸ், மதியம் இரண்டு மணிக்குத் தானாக நின்றது. கண்ணாடி அறையின் திரையில் ஏழாம் எண்ணுக்கு எதிரே பச்சை எரிந்தது. ஏழு, பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்த ராபினின் கார்டு. ராபினைப் புதைத்து இருபத்திரண்டு நாளாகிறது.

“இன்னாப்பா இது?” என்றான் ஆபரேட்டர் கலியன்.

புரோகிராம் எழுதிய பென்னி கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. “ஆளுக்கொரு சாக்கெட்டு திறந்து வெச்சிருக்கேண்ணே, கார்டோட சிக்னல கேக்குற காது மாதிரி. கார்டோட ஒருத்தன் பள்ளத்துல இறங்குனா அதுல இணைப்பு வுழும், பிரஸ் நிக்கும். இணைப்பு போனா திரும்ப தானா ஓடும். இந்த ஏழாம் நம்பரை ரெண்டு தபா மூடிட்டு புதுசா திறந்தேன். திறந்த கையோட வந்து குந்திக்கினான்.”

“யாரு?”

“யாருக்குத் தெரியும்? அவன் செத்த அன்னிக்கு பதிவான லாக்கை எடுக்கட்டா? ராபின் கார்டு எங்க இருந்திச்சின்னு அதுல இருக்கும்.”

பிரஸ் நிக்காம டன் கணக்கு முடியட்டும்டா என்று சொல்லி, ராபின் கழுத்திலிருந்த கார்டுக் கயிற்றைத் தன் கையாலேயே கழற்றி டீக்கொட்டகை ஆணியில் மாட்டியவன் கலியன்தான். சிக்கிய தகட்டை எடுக்க இறங்கியவன் ஏறிவிட்டானா என்று பார்க்காமல் பிரஸை ஓட்டியவனும் அவன்தான்.

“லாக்கெல்லாம் வாணாம். நான் பாத்துட்டு வரேன்.”

கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். கூரை ஓட்டைகள் வழியாக விழுந்த வெயில் தகடுகளின் மேல் காசு காசாகக் கிடந்தது. எண்ணெய் வாடைக்கும் துரு வாடைக்கும் அடியில், பினாயில் ஊற்றிக் கழுவியும் போகாத இன்னொரு வாடை, இரும்புக் கட்டை அறுத்து அதற்குள்ளிருந்து ராபினை வாரி எடுத்த அன்றைய வாடை, மூக்கில் ஏறியது.

குவியல் அசைந்தது.

எலி. இல்லை.

ஸ்பீக்கரில் பென்னியின் குரல் கரகரத்தது. “அண்ணே, உன்னுதும் ஏழும் ஒண்ணா எரியுது. யாரு உன் பக்கத்துல?”

பின்கழுத்தில் ஈரம். விரல்கள். தகடாய்த் தட்டையானவை, எலும்பு பிதுங்கியவை. அன்று கலியன் கழற்றிய அதே பக்குவத்தோடு கயிற்றைத் தலைக்கு மேலாகக் கழற்றின.

“அண்ணே! ரெண்டும் அணைஞ்சிடுச்சி! ஆளே இல்லன்னு காட்டுது! பிரஸ் தானா ஓடிடும், ஏறு!”

ஏணியில் பாய்ந்தான். விளிம்புக்கு மேல் தலை வந்தது. எதிரே டீக்கொட்டகை. ஆணியில் ராபினின் கார்டு. அதன் மேல் கலியனின் கார்டு. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கணுக்காலை ஒரு கை பிடித்தது.

இழுத்தது.

பிரஸ் இறங்கியது. வெளிச்சம் ஒரு கோடானது. முதலில் தோள் உடைந்தது. அப்புறம் விலா, ஒவ்வொன்றாக. கன்னத்தோடு கன்னம் ஒட்டி யாரோ படுத்திருந்தார்கள்.

“டன்னு முடிஞ்சிச்சாண்ணே?”