இன்னும் ஒரு சுற்று

புதிதாக வந்தவள் காலை பத்து மணிக்கே கீழ்த்தளப் படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தாள். கிளை நூலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுப் பதவி உயர்வுக்காக எங்களிடம் வந்திருந்தாள். ஆறு மாதம் நான் அவளுக்கு வழிகாட்டி. மாதாமாதம் அவளைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். வேண்டாம் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "உங்களை விட்டா யாரு இருக்கா?" என்று தலைமை நூலகர் முடித்துவிட்டார்.

இதற்கு முன் என்னிடம் பயிற்சிக்கு இருந்தவள் என் கணவரின் தங்கை.

"வீட்டுல மாட்டினது பத்தாதா அண்ணி, இங்கயும் உங்ககிட்டயா?" என்பாள்.

"வாயைக் குறைச்சிட்டுப் போய்ப் புத்தகத்தைத் தேடு" என்பேன்.

தேடவிடுவதுதான் என் முறை. ஒரு புத்தகத்தை வேண்டுமென்றே தவறான தட்டில் செருகிவிட்டு, எங்கே என்று சொல்லாமல் அனுப்புவேன். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம். அதைக் கண்டுபிடிக்கப் பழகினால்தான் இந்த வேலை கைவரும் என்று நம்பினேன். கடைசித் தட்டு வரை குனிந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் தேடுவாள்.

கீழ்த்தளத்து இரும்பு அடுக்குகள் தண்டவாளத்தில் ஓடுபவை. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். எப்போதும் ஒரே ஒரு சந்துதான் திறந்திருக்கும். வேறு சந்து வேண்டுமானால் அடுக்கின் பக்கத்திலுள்ள சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சுற்றுமுன் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் அவளைத் தேட அனுப்பியதையே மறந்துவிட்டேன். மேலே ஒரு வாசகர் அவசரப்படுத்தினார். ஓடிவந்து, பார்க்காமல் சுற்றினேன். பாதியில் சக்கரம் இறுகியது. தண்டவாளத்தில் வழக்கம்போலத் தூசி என்று நினைத்து, இரண்டு கையாலும் இன்னும் ஒரு சுற்று அழுத்தினேன்.

காகிதம் கசங்குவது போல ஒரு சத்தம்.

அவள் சாவு பற்றிய விசாரணையில், பூட்டு நழுவி அடுக்கு தானாக ஓடிவிட்டது என்றேன். நம்பினார்கள். என் கணவரும் நம்பினார் என்றுதான் இருந்தேன்.

புதியவளுக்கு அந்தச் சந்தைக் காட்டாமல் தவிர்க்க முடியவில்லை. அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு புத்தகம் எடுக்க நான் உள்ளே போனேன். பழைய பசை, துரு, ஈரச் சுவர். நடுவில் போனதும் இன்னொரு வாசனை. என் நாத்தனார் எப்போதும் வாயில் அடக்கியிருக்கும் இருமல் மிட்டாய்.

பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது.

"தொடாதே!" என்றேன்.

"நான் தொடலை மேடம்! தானா சுத்துது! பிடிச்சாலும் நிக்க மாட்டேங்குது!"

இரண்டு பக்கமும் அடுக்குகள் நெருங்கின. பக்கவாட்டில் திரும்பி நின்றேன். புத்தக முதுகுகள் கன்னத்தில் பட்டன. பிறகு மார்பில். மூச்சை வெளியே விட்டேன். மறுபடி இழுக்க இடமில்லை.

சக்கரம் நின்றது.

புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து, காதுக்கு மிக அருகில், மெல்லிய குரல்.

"சக்கரம் இறுகுச்சே அண்ணி. அப்ப என்ன நெனச்சீங்க?"

"தூசின்னு..."

"அப்புறம்?"

"இன்னொரு சுத்து சுத்தினேன்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

முகத்தை மறுபக்கம் திருப்பப் பார்த்தேன்.

கிறீச்.

விலா எலும்பில் ஏதோ விண்ணென்று தெறித்தது. கண் இருண்டது.

"சொல்றேன்" என்றேன். காற்றில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. "இன்னிக்கே சொல்றேன்."

அடுக்குகள் விலகின. புதியவள் என்னை இழுத்து வெளியே போட்டாள். அவள் உள்ளங்கை இரண்டும் சக்கரத்தைப் பிடித்ததில் தோலுரிந்து கிடந்தன. அன்றே அவள் கிளை நூலகத்துக்குத் திரும்பிவிட்டாள். அறிக்கையில் அவளைப் பற்றி நல்லதாக எழுதினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, அணைந்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தேட அனுப்பியதை, மறந்ததை, பார்க்காததை, இறுகிய பிறகும் அழுத்தியதை. அழுவார், அடிப்பார், வெளியே போ என்பார். எதுவானாலும் சரி, முடிந்தால் போதும் என்றிருந்தது.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"காரியம் முடிஞ்ச அன்னிக்கே தெரியும். நீயா சொல்றியான்னு பாத்துக்கிட்டிருந்தோம்."

"பாத்துக்கிட்டிருந்தோமா? யாரெல்லாம்?"

அவர், இன்னொருவர் உட்கார இடம் விடுவது போலச் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

வெறுமையாக இருந்த பக்கத்தில் மெத்தை மெதுவாக அமுங்கியது.