கொல்லங்கோட்டில் ஒரு கப்பல்

செத்துப் போனவனின் மணிக்கட்டில் கடிகாரம் கத்திக்கொண்டிருந்தது.

பீப்... பீப்... பீப்!

இன்ஸ்பெக்டர் ஸ்ரீரஞ்சனி குனிந்து திரையைப் படித்தாள்.

'இதயத் துடிப்பு கிடைக்கவில்லை. பட்டையை இறுக்கிக் கட்டவும்.'

"இறுக்கிக் கட்டினா மட்டும் கிடைச்சுடுமாக்கும்!" என்று பல்லைக் கடித்தாள்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, கைவிடப்பட்ட கல்குவாரி. நாற்பது மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். அதன் கரையில் முதுகில் காற்று சிலிண்டரோடு கிடந்தான் நாராயண். வயது முப்பத்தாறு. ஊர் கல்பாத்தி. வேலை பாலக்காட்டில் ஒரு பேங்கில். லீவு கிடைத்தால் போதும், ஸ்கூபா உடுப்பை மாட்டிக்கொண்டு இந்தக் குவாரியில் குதித்து விடுவான்.

இன்று இரண்டாம் சனிக்கிழமை. குதித்தான். போய்ச் சேர்ந்தான்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்ட வந்தனுங்க சாமி..." ஆடு மேய்க்கும் பழனாத்தாளுக்குப் பல் தந்தியடித்தது. "திடீர்னு தண்ணி கொதிச்ச மாதிரி பொங்குச்சுங்க. அப்பறம் பாத்தா... இவரு மெதக்கறாருங்க!"

"வேற யாரையாவது பாத்தேளா?"

"ஒரு குஞ்சுகூட இல்லைங்க!"

*

மதியம் இரண்டு மணி. போலீஸ் ஸ்டேஷன்.

பெஞ்சில் கோகுல்நாத் வியர்த்து வழிந்தான். குவாரி நிலத்துக்காரர் கருப்புசாமியின் மகன். சிலிண்டரில் காற்று நிரப்பி நாராயணின் முதுகில் கட்டிவிட்டவன் இவன்தான்.

அந்த சிலிண்டரில் காற்று இருந்தது. வால்வு மூடியிருந்தது!

போதாக்குறைக்கு நேற்று டீக்கடையில், பத்துப் பேர் காது கேட்க, 'மறுபடி எறங்கினீங்கன்னா பொணமாத்தான் வருவீங்க' என்று நாராயணிடம் கத்தியிருக்கிறான்.

"பயத்துல சொன்னதுங்க மேடம்! அத்தன ஆழத்துல ஒத்தையா எறங்கறாரேன்னு... காலைல வந்து கெஞ்சுனாருங்க. மனசு கேக்காம கட்டி வுட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டேன்."

"நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தணும்," என்று நினைவுபடுத்தினார் ஏட்டு மாரப்பன்.

கருப்புசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா... அடுத்த மாசம் இவனுக்குக் கண்ணாலமுங்க. பத்திரிகை அடிச்சாச்சு. இன்னைக்கு ஜெயிலுக்குப் போனான்னா அப்பறம் எம் பையன் தல நிமுந்து நடக்க முடியுமுங்களா?"

"மேடம், ஒண்ணே ஒண்ணு யோசிங்க," கோகுல்நாத்தின் குரல் உடைந்தது. "நான் வால்வ மூடிக் கட்டியிருந்தா அவரு எப்படிங்க ஆழத்துக்குப் போவாரு? கரையிலயே தெரிஞ்சிருமுங்களே! எத்தன நேரம் உள்ள இருந்தாருன்னு அந்த வாட்ச்ல பதிவாயிருக்கும். அத எடுங்க!"

ஸ்ரீரஞ்சனிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால், எடுப்பது எப்படி?

எழுபதாயிரம் ரூபாய்க் கடிகாரம். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம், எல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் போனில் உள்ள ஆப்புக்கு இறக்க வேண்டும். நாராயணின் போனைத் திறக்கும் எண்ணை அவன் மனைவி ஜானவி சொல்லிவிட்டாள். ஆப்பும் திறந்தது.

'ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்.'

முயன்றாள். அதே பதில். எட்டாவது தடவையும் அதே பதில்! ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினாள். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தாள். நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளச் சொன்னது. ஒப்புக்கொண்டாள். ஐந்து நட்சத்திரம் தருவீர்களா என்று கேட்டது!

"நட்சத்திரமா... அறைஞ்சா தெரியும் நட்சத்திரம்!"

ஜானவி வீங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டாள். "திங்கட்கிழமைலேந்து இப்படித்தான் மேடம். கனெக்டே ஆகலைன்னு தெனம் திட்டிண்டிருந்தார். போன வாரம் கீழ என்னமோ பாத்தாராம். 'பதிவு இறங்கட்டும், காட்டறேன்'னார். இறங்கவேயில்லை..."

"கொண்டாங்க மேடம், நா பாக்கேன்."

சொன்னவன் ரிஜின். இடுக்கியில் ஆனைக்கரைப் பக்கம் பிறந்தவன். இப்போது இந்த ஊரில் தண்ணீரில் யார் விழுந்தாலும் போலீஸ் இவனைத்தான் கூப்பிடும். காலையில் நாராயணைக் கரை சேர்த்ததும் இவன்தான். பாவப்பட்ட ஜென்மம். மூன்று வருஷம் முன்னால் இவன் மனைவி லிஜி, ஆனைக்கரையில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று ஜீப்பில் கிளம்பினாள். போய்ச் சேரவேயில்லை. பெண்டாட்டியைத் தேடி இந்தப் பக்கத்துக் குளம் குவாரி அத்தனையிலும் இவனே முங்கினான். ஸ்டேஷனே கண் கலங்கியது.

"உங்களுக்கு இந்த வாட்ச் பழக்கமா ரிஜின்?"

"இல்ல மேடம், இந்த மாடல இன்னைக்குத்தான் கண்ணால பாக்கேன். ஆனா எல்லாத்துக்கும் ஒரே வைத்தியந்தான். ரீசெட் போடுங்க. புதுசு மாதிரி ஆயிரும்."

"பதிவெல்லாம் அழிஞ்சு போயிடாதோ?"

"அதெல்லாம் மேல க்ளவுட்ல பத்திரமா இருக்கும் மேடம். நா சொல்லுதேன்லா!"

மணி மூன்று.

வேறு வழியில்லை. ஸ்ரீரஞ்சனி ரீசெட்டை அழுத்தினாள்.

'சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ளது. ரீசெட் செய்ய இயலாது.'

பத்தொன்பது!

"கர்மம்!"

அதற்கென்றே தனி சார்ஜர். வெளியே நிற்கும் நாராயணின் காரில் கிடந்தது. கடிகாரத்தையும் நாராயணின் போனையும் எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்தாள். சார்ஜ் ஏறியது... ஆமை மாதிரி.

அப்போதுதான் கவனித்தாள்.

ஸ்டேஷனுக்குள் இருந்தவரை திரையின் மூலையில், ஏதோ ஒரு போனோடு இணைந்திருப்பதன் அடையாளமாக, ஒரு நீலப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இங்கே அது இல்லை!

இருபத்தொன்று ஆனதும் உள்ளே வந்தாள். நீலப் புள்ளி எரிந்தது. எதையோ மறந்தவள்போல் மீண்டும் காருக்குப் போனாள். அணைந்தது. திரும்பி வந்தாள். எரிந்தது!

நாராயணின் போன் அவள் கையிலேயேதான் இருக்கிறது. அப்படியானால்...



"ஆயிருச்சா மேடம்? அமுக்குங்க," என்றான் ரிஜின்.

'அனைத்துப் பதிவுகளும் நிரந்தரமாக அழிக்கப்படும். சம்மதமா?'

கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

"ஏட்டு, கோகுல்நாத்தோட போன் எங்கே?"

"காலைலயே புடுங்கி, ஆஃப் பண்ணி பீரோவுல பூட்டியாச்சுங்க."

"நல்லது." அவள் நிமிர்ந்தாள். "இந்த வாட்ச் ஏன் நாராயண் போன்ல சேரலைன்னு இப்போ புரியறது. இது ஏற்கெனவே வேற ஒருத்தர் போனோட ஒட்டிண்டிருக்கு. அதுலேந்து நீக்கினாத்தான் இன்னொரு போன்ல சேரும். அந்தப் போன் இப்போ இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு! எல்லாரும் போனை மேஜைமேல வையுங்கோ."

ஜானவி வைத்தாள். மாரப்பன் வைத்தார். கருப்புசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்து வைத்தார்.

ரிஜின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, உள்ளங்கைக்குள் மறைத்தபடி கட்டைவிரலை ஓட்டினான்.

ஒரு விநாடி... மூன்று விநாடி... ஐந்து விநாடி...

நீலப் புள்ளி அணைந்தது!

"சார்ஜ் தீந்து போச்சு மேடம். ஆஃப் ஆயிருச்சு," என்று இருண்ட போனை மேஜையில் வைத்தான் ரிஜின். உதடு மட்டும் சிரித்தது.

"இத்தனை நேரம் இருந்த சார்ஜ் இப்போதான் தீந்துதோ?"

"அதுக்கு நா என்ன செய்ய? ஒரு புள்ளி அணைஞ்சதுக்கெல்லாம் கோர்ட்ல கேஸ் நிக்காது மேடம்!"

அவன் சொன்னதில் தப்பில்லை. நிற்காதுதான்.

ட்ரிங்!

நாராயணின் போன் ஒலித்தது.

'கடிகாரம் இணைந்தது. 2 பதிவுகள் இறங்குகின்றன...'

தடயம் இருக்கக் கூடாதென்று ரிஜின் தன் போனிலிருந்து இணைப்பையே நீக்கியிருக்கிறான். ஐந்து நாளாகப் பிடித்து வைத்திருந்த பிடி விட்டுப் போனதும், கடிகாரம் சொந்தக்காரனின் போனைத் தேடி ஓடி வந்துவிட்டது!

10%... 40%... 70%...

ரிஜின் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தான். மாரப்பன் தன் பெரிய உடம்பை அங்கே நிறுத்தினார்.

100%.

"இன்னிக்குக் காலம்பற ஏழு மணி," ஸ்ரீரஞ்சனி வாசித்தாள். "இருபத்திநாலு நிமிஷம் ஒழுங்கா மூச்சு விட்டிருக்கார். ஆழம் முப்பத்திரண்டு மீட்டர். அப்புறம் நாப்பதே விநாடியில தலைதெறிக்க மேல வந்திருக்கார்! வால்வை மூடினது கரையில இல்லை, தண்ணிக்கு அடியில. கோகுல்நாத் அப்போ டீக்கடையில இருந்தான்."

கருப்புசாமி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"இன்னொரு பதிவு போன ஞாயித்துக்கிழமையாக்கும். அதே எடம், அதே ஆழம். அங்க ஓர் அடையாளம் போட்டு வெச்சிருக்கார்..." அவள் புருவம் சுருங்கியது. "மூழ்கிய கப்பல்!"

"கப்பலுங்களா?" மாரப்பன் வாயைப் பிளந்தார். "நம்மூரு ஆத்துல வாத்து மெதக்கவே தண்ணியில்ல. கொல்லங்கோட்டுக்கு எந்த வழியாங்க கப்பல் வந்துச்சு?"

ஜானவி எட்டிப் பார்த்தாள். "கடல்ல முங்கறவாளுக்குப் பண்ணின ஆப் மேடம். சுறா, ஆமை, பவளம், கப்பல்... இந்த நாலு படந்தான் இருக்கு. வேற எதைப் பாத்தாலும் இதுல ஒண்ணைத்தான் அமுக்கணும்."

"ஆமா. ஜீப்புக்குப் படம் இல்லை," என்றாள் ஸ்ரீரஞ்சனி மெதுவாக. "இல்லையா ரிஜின்? மூணு வருஷம் முன்னால அந்தக் குவாரியிலயும் நீதான் முங்கினாய். 'கீழே ஒன்றுமில்லை'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். லிஜி போன ஜீப்புக்கு என்ன கலர்?"

ரிஜினின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பச்சை..." என்றான். "சண்டையில அடிச்சேன். செத்துப் போவான்னு நெனைக்கல. ஜீப்போட உள்ள தள்ளிட்டேன்... நாராயண் சாருக்கு அது யார் ஜீப்புன்னு தெரியாது. திங்கக்கெழம என்ட்டதான் வந்தாரு. 'என் ஆப் வேல செய்யல, இணைப்ப எடுத்துட்டேன், உன் போன்ல ஏத்திப் பாருப்பா, போலீஸுக்குக் காட்டணும்'னாரு. ஏத்திப் பாத்தேன்... பாத்துட்டேன். 'ஏறல'ன்னு அவருட்ட பொய் சொல்லிட்டு, இணைப்ப விடாம வச்சிருந்தேன். இன்னைக்குத் தெக்குக் கரையில எறங்கி, அடியில காத்துக் கெடந்து, பின்னால போயி வால்வ மூடினேன். திமிறிட்டு மேல போயிட்டாரு. அதுக்குள்ள அந்த ஆட்டுக்காரி வந்துட்டா. வாட்ச்ச கழட்ட முடியல..."

ஜானவி அவனையே பார்த்தாள். "நம்பிக் கொடுத்தாரே... பாவி, உன்னைத்தானே நம்பினார்!" என்று வெடித்து அழுதாள். ஸ்ரீரஞ்சனி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கோகுல்நாத்தின் போனைப் பீரோவிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "மாப்பிள்ளை, வீட்டுக்குப் போய்ச் சேருங்கோ. பத்திரிகை ஒண்ணு ஸ்டேஷனுக்கும் வரணும், கேட்டேளா!"

பத்து நிமிஷம் கழித்து ரிஜின் லாக்கப் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தான். மாரப்பன் தேங்காய் அளவு பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினார். கரகரவென்று சத்தம்.

"இந்தப் பூட்டு எங்க அப்பங் காலத்துதுங்க மேடம். புதுசா ஒண்ணு எழுதி வாங்கலாமுங்களா?"

"வேண்டவே வேண்டாம் மாரப்பன்!" என்றாள் ஸ்ரீரஞ்சனி, தொப்பியை மாட்டிக்கொண்டே. "புதுசு வந்தா, உள்ள போறவன்கிட்ட முதல்ல நிபந்தனைக்கு ஒப்புதல் கேக்கும்!"