நான்கு மாடி ஏறிய அத்தை

அன்று மருத்துவர் அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் மருத்துவர். அவருக்கு எதிரே அத்தை. சன்னல் ஓரத்தில், அளவுக் கருவியோடு செவிலியர். கதவருகே முக்காலியில் நான்.

அத்தை பேருந்து ஓட்டுநர். மாதவிடாய் நின்ற வயதில் பல பெண்களுக்கு இரத்த அழுத்தம் கூடுமாம். அத்தைக்கும் கூடியது. "குறையட்டும், அப்புறம் ஓட்டலாம்" என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். அதுவரை, பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல்.

அத்தை சோர்ந்துவிடவில்லை. தன் வயதுப் பெண்களோடு உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் கொஞ்சம் நடந்ததற்கே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நல்ல மழை. ஆனாலும் வகுப்புக்கு முதலில் போய் நின்றது அத்தைதான். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

அன்று அளவு குறைந்திருந்தால், மருத்துவர் பணிமனைக்குக் கடிதம் தருவார்.

மருத்துவர் அறை நான்காவது மாடியில். கீழே லிப்ட் இருந்தது. "பயிற்சி செஞ்ச உடம்பு. படியேறிப் போனா அளவு இன்னும் நல்லா வரும், பாரேன்" என்று அத்தை நான்கு மாடியும் ஏறினார். போனதுமே உள்ளே கூப்பிட்டார்கள்.

செவிலியர் அத்தையின் கையில் பட்டையைச் சுற்றினார். அத்தை குடைக் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கூடத்தான் காட்டுது, அக்கா" என்றார் செவிலியர்.

"அப்போ மறுபடியும் குடைதானா?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது.

எனக்குப் பள்ளி மைதானம் நினைவுக்கு வந்தது.

"டாக்டர், அத்தை இப்பதான் நாலு மாடி ஏறி வந்தாங்க. நாங்க ஓடி முடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்கும். உட்கார்ந்தாதான் அடங்கும். இதுவும் அப்படியா?"

"நாலு மாடியா? அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார் மருத்துவர். "அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். முடியுமா?"

"அதுக்குப் பதிலா இன்னும் நாலு மாடி ஏறிடுவாங்க" என்றேன்.

அத்தை என்னை முறைத்தார். ஆனால் கால்களைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வைத்து உட்கார்ந்தார். வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது. "அது நம்ம..." என்று தொடங்கியவர், நான் பார்த்ததும் கன்னம் உப்ப அடக்கிக்கொண்டார்.

செவிலியர் அளந்தார். சந்தேகம் தீர இன்னொரு முறையும் அளந்தார்.

"நல்லா குறைஞ்சிருக்கு, அக்கா. அத்தனையும் உங்க உழைப்பு."

"இப்ப பேசலாமா?" என்று கேட்டார் அத்தை.

மருத்துவர் கடிதம் எழுதி, "பயிற்சியை விட்டுடாதீங்க. இதை அஞ்சல்லயே அனுப்பிடுங்க" என்று உறையை என்னிடம் நீட்டினார். நான்தான் ஒட்டினேன்.

தெருமுனையில் அஞ்சல் பெட்டி. எக்கி நின்று உறையை உள்ளே போட்டேன். அது விழும் ஓசை கேட்கும்வரை அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.