இருட்டுப் பெட்டிக்குள் வெளிச்சம்

“நான் பெட்டி மூடியைச் சரியா மூடலையாம் அண்ணே! பாஸ் எல்லார் முன்னாலயும் கத்தி, வேலையை விட்டு நிறுத்திட்டாரு!”

கிங் ஸ்திரீட் மாடியில், துப்பறியும் அலுவலகத்தில் நின்ற ஷாஹிரா அழவில்லை, கொதித்துக்கொண்டிருந்தாள். பாயான் லெப்பாஸ் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. நியூட்ரினோ துகள்களைப் பிடிக்கும் பெரிய கருவிக்கான ஒளி உணரிகளை இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, துளி வெளிச்சம் காட்டி அளவு சரிபார்ப்பாள். வேறு வெளிச்சம் புகுந்தால் எல்லாம் பாழ். போன வாரம் முழுக்கப் பாழானது.

“அந்தத் தப்பு வெளிச்சம் எப்படி இருந்துச்சு?” என்று நிதானமாகக் கேட்டார் துப்பறிவாளர் கார்த்திகேசு.

“காலையில உணரியை மாத்தி மூடினதும் அதிகமா இருக்கும். அப்புறம் மெல்ல மெல்லக் குறையும். நான் போனதும் சரியாயிடுச்சாம். அதான் சாட்சியாம்!”

“அப்ப தப்பு இவங்க மேலதானே?” என்றாள் உதவியாளர் அஃப்ரீன். சரியான அவசரக்குடுக்கை.

“இடுக்கு வழியா வர்ற வெளிச்சம் தானா குறையுமா லா? வா, போய்ப் பார்ப்போம்.”

ஆய்வுக்கூடத்தில் மேலாளர் கமாலுதீன் மூவருக்கும் பேரீச்சம்பழம் நீட்டி வரவேற்றார். போன வாரத் தொடக்கத்தில்தான் மக்காவுக்கு உம்ரா பயணம் முடிந்து திரும்பியிருந்தார். விரல்களில் வெளிர்நிறத் தஸ்பீஹ் ஜபமாலையின் மணிகள் உருண்டன. மாலையின் பச்சைக் குஞ்சம் பாதி பிய்ந்திருந்தது.

கார்த்திகேசு பெட்டியைத் திறந்து, உணரி தாங்கியின் பின்னால் கைவிட்டார். அங்கே ஒரு சின்னக் கொக்கி. அதில் சிக்கியிருந்தது பச்சை நூல்.

“அஃப்ரீன், விளக்கை அணை.”

இருட்டில் கமாலுதீனின் கையிலிருந்த மணிகள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தன.

“பெட்டியைத் திறக்கிறப்ப இந்த மணி வெளிச்சத்தைக் குடிச்சிக்கும். மூடினதும் கொஞ்சம் கொஞ்சமா விடும். அதான் குறைஞ்சுது,” என்றார் கார்த்திகேசு. “வேலைக்குப் பரக்கத்து, இறையருள் கிடைக்கணும்னு இந்தக் கொக்கியில தொங்கவிட்டீங்க. அதுல குத்தமில்ல. ஆனா காரணம் தெரிஞ்சதும் சத்தமில்லாம எடுத்துட்டு, பழியை மட்டும் இந்தப் பொண்ணு தலையில விட்டுட்டீங்களே, வெக்கமா இல்ல?”

அஃப்ரீன் விளக்கைப் போட்டாள். கமாலுதீன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டுப் பேரீச்சம்பழம் நீட்டிய மனிதர்!

“சரி ஷாஹிரா, நாளைக்கு வேலைக்கு வந்துடு. நமக்குள்ள முடிச்சுக்குவோம்.”

“நமக்குள்ளயா? கத்தினப்ப நமக்குள்ளயா கத்தினீங்க, பாஸ்?”

ஷாஹிரா கதவை அகலத் திறந்தாள்.

“எல்லாரும் வாங்க லா! பாஸ் ஒரு விஷயம் சொல்லணுமாம்!”