மூன்று கால் சட்டியும் சோடா டப்பாவும்

ரோமம் கத்தரிக்கும் காலத்தில் அந்தப் பண்ணையில் யாரும் நிமிர்ந்து நடப்பதில்லை. நாள் முழுக்கச் செம்மறியாடுகளின் மேல் குனிந்து நின்றவர்களுக்கு இடுப்பு மடங்கியபடியே கிடக்கும். சாயங்காலம் அவர்கள் கொட்டகையிலிருந்து வருவதைப் பார்த்தால், எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடிக்கொண்டு வருவதுபோல் இருக்கும்.

அவர்களுக்குச் சமைக்க வந்தவர்தான் தெல்மாவின் அப்பா ஹோரஸ். ஊரில் அவர் வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள். பள்ளிக்கு விடுமுறை என்பதால் தெல்மாவும் கூட வந்திருந்தாள். அம்மா கைக்குழந்தையோடு ஊரில் இருந்தாள்.

கத்தரிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சமையல்காரரைப் பிடிக்கவில்லை என்றால் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். போன சமையல்காரர் அப்படித்தான் போனார். அவர் விட்டுப்போன சமையலறையைப் பார்த்ததும் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன மனுஷன்பா இவன்! சட்டியெல்லாம் கரி பிடிச்சுக் கிடக்கு. இதுல எப்படிச் சமைக்கிறது?"

அவை வார்ப்பிரும்புச் சட்டிகள். மூன்று கால், கனத்த மூடி. நெருப்புத் தணலில் வைத்து, மூடிமேலும் தணலைக் கொட்டினால் ரொட்டியே சுட்டுவிடலாம். உள்ளே வெளியே எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன.

வந்த அன்றே அப்பா சலவைச் சோடா டப்பாவைத் திறந்தார். சோடாவையும் மணலையும் போட்டு, கை வலிக்க வலிக்கத் தேய்த்தார். சட்டிகள் சாம்பல் நிறத்துக்கு வந்தன. பிறகு இன்னும் சுத்தமாகட்டும் என்று தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுப் படுத்தார்.

விடிந்து பார்த்தால், சட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன.

"துருவா?" என்றாள் தெல்மா.

"லேசாத்தான். கழுவிட்டாப் போச்சு," என்றார் அப்பா. அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

காலையில் வறுத்த கறித்துண்டுகள் சட்டியோடு ஒட்டிக்கொண்டன. பாதி தட்டுக்கு வந்தது, பாதி சட்டியிலேயே தங்கிவிட்டது. எல்லோரும் தட்டை ஒருமுறை, அப்பாவை ஒருமுறை பார்த்தார்கள். அதுதான் தெல்மாவுக்குப் பயமாக இருந்தது.

முற்பகல் டீ இடைவேளைக்கு அவள் டீ வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். எல்லோரும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார்கள். டூலி மட்டும் உட்கார்ந்து தன் கத்தரிக் கருவியைத் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். டூலிதான் அந்த ஆட்களுக்கெல்லாம் தலைவர்.

"ஏன் மாமா, இதைக் கழுவ மாட்டீங்களா?"

"கழுவறதா? இரும்பைத் தண்ணியில போட்டா அழுதுடும் பாப்பா. துடைக்கணும், எண்ணெய் போடணும். அவ்வளவுதான்."

"நம்ம நெட்டுகிட்ட அவன் பனியனைக் கழுவச் சொல்லு. அது தானா எழுந்து நடக்குது," என்றார் ஒருவர், கண்ணைத் திறக்காமலே.

"அசதியில கிடக்கிறவனை ஏன்யா வம்புக்கு இழுக்கறே?" என்றான் நெட். அவனுடைய நீலப் பனியன் வியர்வையும் ஆட்டுக் கொழுப்பும் ஏறி, அட்டைபோல் விறைத்திருந்தது.

மதியம் குழம்பு வந்தது. கறுப்பாக வந்தது.

நெட் ஒரு கரண்டி வாயில் வைத்தான். மெதுவாக மென்றான். "ஐயா சமையல்காரரே, இதுல ஆணி எத்தனை போட்டீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை. டூலி தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஹோரஸ், தப்பா நினைக்காதீங்க. நாங்க நாளெல்லாம் முதுகு ஒடியறவங்க. சாப்பாடுதான் எங்களுக்கு எல்லாம். ராத்திரி சாப்பிட்டதும் ஓட்டுப் போட்டுடறோம்."

"சரிங்க," என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்?

எல்லோரும் போன பிறகு அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். "தெல்மா, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன்." சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். விடியும் முன்பே எழுந்தவர். தூக்கத்திலும் அவர் முகம் கவலையாகவே இருந்தது. அதைப் பார்க்கத் தெல்மாவுக்கு அழுகை வந்தது.

எழுப்பலாமா என்று யோசித்தாள். பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கும் கைகால் அசதிதான். ஆனாலும் சட்டியை எடுத்து உள்ளே விரலால் தடவினாள். சொரசொரவென்று இருந்தது. விரலில் துரு ஒட்டியது. இரும்பைத் தண்ணியில போட்டா அழுதுடும்.

"ஓ, நீயும் இரும்புதானே!" என்றாள் சட்டியிடம்.

மணலைப் போட்டுத் துருவைத் தேய்த்து எடுத்தாள். அலசி, துணியால் துடைத்து, நெருப்பருகே வைத்து ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்தாள். எண்ணெய்க்கு எங்கே போவது? அலமாரியில் ஆட்டுக் கொழுப்பு ஒரு டின் நிறைய இருந்தது. ஆசை தீர அள்ளிப் பூசித் தணலில் வைத்தாள்.

அது சரிவரவில்லை. கொழுப்பெல்லாம் அடியில் தேங்கி, பிசுபிசு என்று பசைபோல் ஆயிற்று. தெல்மாவுக்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் படுத்துவிடலாம்போல் இருந்தது.

டூலி மாமா எவ்வளவு எண்ணெய் விட்டார்? சொட்டுச் சொட்டாகத்தானே!

பசையைச் சுரண்டி எடுத்தாள். இந்த முறை துணியில் கொஞ்சம் கொழுப்பைத் தொட்டுத் தேய்த்தாள். பிறகு வேறு துணியால், பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்தாள். தேங்கி நிற்காதபடி சட்டியைத் தணல்மேல் கவிழ்த்தாள். புகை வந்தது. புகை நின்றதும் ஆறவைத்து, மறுபடி பூசி, மறுபடி கவிழ்த்தாள். அடுத்த சட்டிக்கும் அதேபோல் செய்தாள். நடுவில் மாலை டீயையும் கேக்கையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள்.

மெல்ல மெல்லச் சாம்பல் நிறம் பழுப்பானது. பழுப்பு கறுப்பானது.

"தீ! தீப்பிடிச்சிருக்கு!" என்று அப்பா துள்ளி எழுந்தார். சமையலறை முழுக்கப் புகை.

"தீ இல்லப்பா. சட்டிக்கு எண்ணெய் காய்ச்சறேன்." தெல்மா நடந்ததைச் சொன்னாள்.

அப்பா சட்டிக்குள் பார்த்தார். கறுப்பாக, வழவழவென்று மின்னியது. சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! பேக்கரியில ரொட்டி டின்னை நான் ஒருநாளாவது கழுவியிருக்கேனா? நெய்யைப் போட்டுத் துடைச்சு வைப்போம், அவ்வளவுதான். இங்க வந்து அடுத்தவன் அழுக்குன்னு நினைச்சுல்ல சுரண்டித் தள்ளிட்டேன்!"

"அப்போ இந்தக் கரி?"

"கரி இல்ல கண்ணு. எத்தனையோ வருஷமா ஏறின எண்ணெய்ப் பூச்சு. அந்த மனுஷனை வேற திட்டினேனே!" என்றவர் சட்டைக்கையை மடித்துவிட்டார். "மாவை எடு. ரொட்டிய அவங்க பார்க்கட்டும்."

பொழுது சாய்ந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தபடியே வந்து உட்கார்ந்தார்கள். அப்பா சட்டியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தார். தெல்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தொப்பென்று ரொட்டி விழுந்தது. முழுசாக, பொன்னிறமாக விழுந்தது. அடி கொஞ்சம்கூட ஒட்டவில்லை.

அடுத்த சட்டியில் ஆட்டுக் கறியும் உருளைக்கிழங்கும் மொறுமொறுவென்று இருந்தன. வெகுநேரம் மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"சரி, ஓட்டு," என்றார் டூலி. "கையைத் தூக்குங்க."

"கை காலியா இல்லண்ணே," என்றான் நெட், ரொட்டியைப் பிய்த்தபடி.

அப்பா எழுந்து நின்றார். "ஒரு விஷயம் சொல்லிடறேன். சட்டியைச் சோடா போட்டுக் கெடுத்தது நான். சரிபண்ணினது என் பொண்ணு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடுங்க."

டூலி தெல்மாவைப் பார்த்தார். "யார் சொல்லிக் கொடுத்தது பாப்பா?"

"நீங்கதான் மாமா. இரும்பைத் தண்ணியில போட்டா அழுதுடும்னு சொன்னீங்களே."

"நான் ஏதோ தூக்கக் கலக்கத்துல உளறினேன்," என்றார் டூலி. அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "சமையல்காரர் வேணாம்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்கப்பா."

ஒரு கையும் எழவில்லை. ஒருவர் தட்டிலேயே தலைசாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டினார்கள். தெல்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல் இறங்கியது.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா காலிச் சட்டிகளை அடுக்கினார். பாதித் தூக்கத்தில் இருந்தார். பழக்கதோஷத்தில் அவர் கை தானாக அலமாரிக்குப் போய்ச் சோடா டப்பாவை எடுத்தது.

"ஹோரஸ்!"

மேசையே சேர்ந்து கத்தியது. குறட்டை விட்டவர்கூட எழுந்து கத்தினார்.

அப்பா திகைத்து நின்றார். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். தெல்மா டப்பாவை மெதுவாக அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சோடா வீணாகக் கூடாதுப்பா," என்றவள், நேராக நெட்டிடம் போய் நின்றாள்.

"நெட் அண்ணே, பனியனைக் கழட்டுங்க."