பெரியம்மாவை விழுங்கிய பெட்டி

“என் வீட்டுக்காரர் பொய் சொல்றாரா, நிஜம் சொல்றாரா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தாள். அவள் மேல் தீக்காயக் களிம்பின் நெடி அடித்தது.

அந்த நெடி உதவியாள் அவசரத்துக்குப் பழக்கம். கல் உடைக்கிற குவாரியில் வெடி தவறி இரண்டு விரல்கள் போனபோது அவனும் அதே களிம்பில்தான் கிடந்தான். அவன் வழக்கை எடுத்து நடத்தி, “தவறு உன்னுடையதல்ல” என்று நிரூபித்தவள் அக்கா. தொழிலாளர் விபத்துகளைத் துப்பு துலக்குவதுதான் அவள் பிழைப்பு. அன்றிலிருந்து அவள் கூடவே சுற்றுகிறான். கேள்வி முடிவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவான் என்பதால் அக்கா அவனுக்கு வைத்த பெயர் அவசரம்.

“உட்காரும்மா. என்ன நடந்துச்சு?” என்றாள் அக்கா.

“வார்ப்பு ஆலையில பெரிய கிரேன் ஒண்ணு இருக்கு. பெரியம்மான்னு சொல்வாங்க. சின்ன கிரேன் சின்னம்மா. பெரியம்மாவோட பிரேக் நிக்காம, உருகின இரும்பு வாளி சரிஞ்சு என் தம்பி மேல கொட்டிடுச்சு. வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. என் வீட்டுக்காரர்தான் அங்க மேஸ்திரி. பிரேக் சரியில்லைன்னு மேனேஜருக்கு மெயில் மேல மெயில் போட்டேங்கிறாரு. ஒண்ணுகூட வரலைங்கிறாரு மேனேஜர். இன்னைக்கு மத்தியானம் ஆலையில விசாரணை. மேஸ்திரி தெரிவிக்கலைன்னு முடிவாச்சுன்னா வேலை போகும், போலீசும் கூட்டிட்டுப் போயிடும்.”

“போட்ட மெயில் எங்க போகும்?” என்று குறுக்கே விழுந்தான் அவசரம்.

“நடுவுல சர்வர்னு ஒண்ணு இருக்காம். அது தின்னுருக்கும்கிறாரு. எனக்குத் தெரிஞ்ச சர்வர், மத்தவங்க தின்னக் கொண்டுவந்து வைக்கிறவர்தான்.” அவள் சிரிக்கவில்லை. “இவரு பேனாவைத் தொடவே கூசுவாருங்க. ஆலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆபீசுக்கு, எதுன்னாலும் என் தம்பிதான் எழுதித் தருவான். முத்து முத்தா எழுதுவான். இவரு கீழ கையெழுத்து கிறுக்குவாரு. தம்பிகிட்ட கேட்டேன். பிரேக்கைப் பத்தி நான் எதுவும் எழுதித் தரலக்கான்னுட்டான். அப்புறம் நான் எதை நம்புறது?”

அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

ஆலை வாசலில், காவலாளி கூண்டுக்குப் பக்கத்தில், வெளியே நிறுத்தப்பட்ட மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் இரண்டு நாள் தாடி. எதிரே போலீஸ் ஜீப். ஓட்டுநர் அதிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“பட்டறைக்குப் பொதுவா ஒரு கம்ப்யூட்டர் இருக்குங்க. மெயில் முகவரியும் எல்லாருக்கும் அந்த ஒண்ணுதான். உற்பத்திக் கணக்கும் அதுலதான் போகும். ‘பெரியம்மா நிக்க மாட்டேங்குறா, வேலையை நிறுத்துங்க’ன்னு ஒத்தை விரலால குத்திக் குத்தி நானே அடிச்சேன்,” என்றான் மேஸ்திரி.

“அனுப்புனதுக்கு நகல்?” என்றாள் அக்கா.

“ஷிப்டு மாறும்போது எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க.”

“வழக்கமா மச்சான்தானே எழுதித் தருவாரு? இதை ஏன் அவர்கிட்ட சொல்லல?”

மேஸ்திரி தரையைப் பார்த்தான். “அது... அவசரத்துல...”

“என்னையா கூப்பிட்டீங்க?” என்றான் அவசரம். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா மேஸ்திரியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே நடந்தாள்.

மேனேஜரின் அறை குளுகுளுவென்று இருந்தது. பட்டறையின் உறுமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊமையாகிப் போயிருந்தது. “மேஸ்திரிக்காகப் பேச வந்திருக்கீங்க. தாராளமா பேசுங்க. ஆனா வராத மெயிலை எங்கருந்து எடுத்துக் குடுக்கிறது? அந்த ஆள்கிட்டருந்து எனக்கு இதுவரைக்கும் ஒரு மெயில்கூட வந்ததில்ல. பேப்பர்ல எழுதிக் குடுப்பாரு, அதோட சரி.”

“அந்தப் பேப்பர்களைப் பார்க்கலாமா?”

அவர் ஒரு கோப்பைத் தள்ளினார். அவசரம் எட்டிப் பார்த்தான். சாமான் கேட்டும் ஆள் கேட்டும் எழுதியவை. அச்சடித்தது போன்ற எழுத்து. அடியில் கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து.

“நல்லா தேடுங்க. எந்த ‘ர’ எங்க போடணும்னு தெரியாத ஆளு, மெயில் போட்டாராம் மெயில்!” மேனேஜர் சிரித்தார். “மாட்டிக்கிட்டதும் கதை விடுறாரு.”

வெளியே வந்ததும் அவசரத்துக்கு ரத்தம் கொதித்தது. “இந்த ஆளுதான்க்கா! சிரிப்பைப் பாருங்க!”

“சிரிச்சதுக்கெல்லாம் ஜெயில்ல போட்டா ஊர்ல ஆளே மிஞ்சாது. வா, சர்வரைப் பார்ப்போம்.”

மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து போன்ற அறை. அதற்குள் இரைந்துகொண்டிருந்த கறுப்புப் பெட்டிதான் ஆலையின் மெயில் சர்வர். அதைப் பார்த்துக்கொள்பவனைப் பட்டறை ஆட்கள் பெட்டிக்காரன் என்பார்கள். வேர்த்து வழிந்தபடி எழுந்து நின்றான்.

“ஆலைக்குள்ள வர்ற மெயில், ஒருத்தருக்கொருத்தர் அனுப்புற மெயில், எல்லாமே முதல்ல இதுக்குள்ள வந்துதான் போகும் மேடம். சல்லடை மாதிரி. லாட்டரி, கடன், வழுக்கைத் தலைக்கு மருந்துன்னு குப்பையா வரும்ல? அந்த வார்த்தைங்களை இதுல போட்டு வெச்சிருக்கோம். அது இருக்கிற மெயில் யாருக்கும் போகாது, அப்பவே அழிஞ்சிடும். அழிஞ்ச சுவடும் இருக்காது.”

“அந்த வார்த்தைகளைக் காட்டுப்பா.”

திரையில் வரிசையாக ஓடின. அவற்றின் வாலில் ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் விரல் அங்கே நின்றது.

‘பெறியம்மா.’

“இது நான் போட்டதில்ல மேடம்,” என்றான் பெட்டிக்காரன். “ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன்.”

“யார் யாருக்கு இதோட பாஸ்வேர்டு தெரியும்?”

“எனக்கு. பாதுகாப்பு ஆபீசருக்கு. அப்புறம் மேனேஜருக்கு. குப்பை மெயிலை எப்படித் தடுக்கிறதுன்னு மூணு பேரும் ஒண்ணாத்தான் கத்துக்கிட்டோம்.”

அவசரத்தின் முகம் தொங்கிவிட்டது. “எழுத்துப்பிழையா இருக்கேக்கா. பெரியம்மான்னு சரியா எழுதினா இதுல சிக்காதே. இது உதவாது.”

“இதுதான்டா உதவும்,” என்றாள் அக்கா.

விசாரணைக்கு ஆலை முதலாளி தலைமை. நீள மேசையின் ஒரு பக்கம் மேனேஜரும் பாதுகாப்பு ஆபீசரும் பெட்டிக்காரனும். எதிரே மேஸ்திரி. சுவரோரப் பெஞ்சில் அவன் மனைவி. கதவுக்கு வெளியே போலீஸ்காரர் நிற்பது கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தது.

“சார், காலையில என்கிட்ட சொன்னதை எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லுங்க,” என்றாள் அக்கா.

மேனேஜர் குஷியாகச் சொன்னார். “இவர்கிட்டருந்து எனக்கு ஒரு மெயிலும் வந்ததில்ல. சின்ன ‘ர’வுக்கும் பெரிய ‘ற’வுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு மெயில் போட்டேன்னா, கேக்கிறவன் கேனையனா?”

மேஸ்திரி தலையை இன்னும் தாழ்த்தினான். அக்கா கோப்பை முதலாளியின் முன் விரித்தாள்.

“இது பூராவும் மேஸ்திரி பேர்ல ஆபீசுக்கு வந்த பேப்பர். இதுல ஒரு ‘ர’ தப்பா இருந்தா காட்டுங்க.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். “ஒண்ணும் தப்பில்லையே. என்னைவிட நல்லா எழுதியிருக்காரு.”

“எழுதினது இவர் இல்ல, இவர் மச்சான். அது வீட்டு ரகசியம், ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது.” அக்கா சுவரிலிருந்த கரும்பலகையைக் காட்டி, சுண்ணக்கட்டியை மேஸ்திரியிடம் நீட்டினாள். “அந்த கிரேனோட பேரை போர்டுல எழுதுங்க.”

மேஸ்திரி எழுந்து போர்டு அருகே போனான். ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்: பெறியம்மா.

“தம்பி, உங்க சல்லடையில கடைசியா என்ன வார்த்தை இருக்கு?”

பெட்டிக்காரன் போர்டைப் பார்த்தான். “அதேதான் மேடம். அதே பெரிய ‘ற’.”

அக்கா குரலை உயர்த்தவில்லை. “இந்தத் தப்பு தானா அந்தப் பெட்டிக்குள்ள போய் உட்காராது. இவர் அடிச்ச மெயிலைப் படிச்ச ஒருத்தர்தான், இவர் எப்பவும் இப்படித்தான் அடிப்பாருன்னு பார்த்து, அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கணும். ஆக மெயில் போயிருக்கு. முதல் மெயில் சேரவேண்டிய இடத்துக்கும் சேர்ந்திருக்கு.”

“ஏன் அந்த வார்த்தையைத் தடுக்கணும்? மேஸ்திரி மெயிலையே தடுத்திருக்கலாமே?” என்றார் முதலாளி.

“பட்டறைக்கே ஒரே முகவரி. அதைத் தடுத்தா உற்பத்திக் கணக்கும் நின்னுபோகும். கிரேன்கிற வார்த்தையைத் தடுத்தா ஆலையில பாதி மெயில் காணாமப் போகும். பெரிய ‘ற’ போட்டு பெரியம்மாவை எழுதுறவர் இங்க ஒருத்தர்தான். எச்சரிக்கை வந்து சேர்ந்தா கிரேனை நிறுத்தணும், ஆர்டர் தள்ளிப்போகும். அதனால வந்ததை அழிச்சாச்சு, வரப்போறதுக்கு வாசலை அடைச்சாச்சு.”

மேனேஜர் எழுந்தார். “பெட்டி இவன் கையில இருக்கு! இவனே படிச்சிருப்பான், இவனே போட்டிருப்பான்!”

“படிச்சிருக்கலாம். ஆனா மேஸ்திரிக்கு ‘ர’ தெரியாதுன்னு இப்ப எல்லார் முன்னாடியும் சொன்னது இந்தத் தம்பி இல்லையே சார். நீங்க பார்த்த பேப்பர்ல ஒரு பிழை கிடையாது. மெயிலும் வரலைங்கிறீங்க. பிறகு அந்தப் பெரிய ‘ற’வை எங்க பார்த்தீங்க?”

பட்டறையின் உறுமல் மட்டும் தரை வழியாக ஏறி மேசையை மெல்ல அதிர வைத்தது. மேனேஜர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். நிழல் உள்ளே வந்தது.

அவசரத்துக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. பெஞ்சிலிருந்து மேஸ்திரியின் மனைவி எழுந்து வருவதைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அழுது புருஷன் தோளில் சாய்வாள் என்று நினைத்தான். அவனுக்கு அதிலும் அவசரம்.

அவள் போர்டில் இருந்த வார்த்தையைப் பார்த்தாள், பிறகு புருஷனை.

“நீங்க பொய் சொல்லல. சரி. ஒரு சீட்டு எழுதக்கூட அவனைத்தானே கூப்பிடுவீங்க? இதை மட்டும் ஏன் நீங்களே எழுதினீங்க?”

வாசலில் அக்கா கேட்ட அதே கேள்வி. அப்போது அவள் மேஸ்திரியின் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது அவசரத்துக்கு இப்போதுதான் உறைத்தது.

“சொல்லுங்க.”

“அவன் எழுதினா அவனுக்குத் தெரிஞ்சிடும்,” என்றான் மேஸ்திரி. “தெரிஞ்சா பெரியம்மாவுக்குக் கீழ நிக்க மாட்டான். அவன் நிக்கலைன்னா ஒருத்தனும் நிக்க மாட்டான். ஷிப்டு நின்னுடும். இன்னைக்குப் பதில் வரும், நாளைக்கு நிறுத்திடுவாங்கன்னு நானும்...”

அவசரம் தன் விரல் போன கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். குவாரியில் வெடித் திரி ஈரம் என்று தெரிந்தும் சொல்லாத மேஸ்திரி அவனுக்கும் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான்.

அவள் அழவில்லை. கையிலிருந்த மருந்துப் பையைப் புருஷனிடம் நீட்டினாள்.

“வாங்க. இதை அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க.” கதவருகே போய்த் திரும்பினாள். “அவன் கை இனிமே எழுதாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனி எதுன்னாலும் நீங்கதான் எழுதணும். எந்த ‘ர’ போட்டாலும் சரி.”